பட்டனின் நிறம் ஏன் மாறவில்லை? டிகிண்டரில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

சாளரம் திறக்கிறது, பட்டன் தெரிகிறது, அழுத்தினால் வேலையும் நடக்கிறது. ஆனால் பச்சை கேட்ட பட்டன் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. பைத்தானில் டிகிண்டர் (சாளரம், பட்டன் போன்றவற்றை உருவாக்கும் நூலகம்) வைத்து டெஸ்க்டாப் மென்பொருள் எழுதத் தொடங்குகிறவர்கள் எப்படியும் இந்த இடத்தில் ஒருமுறை முட்டிக்கொள்வார்கள். நிறத்தின் பெயரை மாற்றிப் பார்ப்பது, வரியை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பது என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். அதைவிட, முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்தப் பட்டனைத் திரையில் வரைவது யார்?

டிகிண்டரில் பட்டன் இரண்டு வகை. ஒன்று, டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே கருவித்தொகுப்பின் பழைய பட்டன்; டிகே பட்டன் என்போம். விண்டோஸிலும் லினக்ஸிலும் இது நீங்கள் கொடுக்கும் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மேக்கில் மட்டும் அதை வரைவது இயங்குதளம். அங்கே உங்கள் நிறம் எடுபடாது. இன்னொன்று 2007-இல் டிகே 8.5-உடன் வந்த டிடிகே பட்டன். இதன் தோற்றம் முழுக்கத் தீமின், அதாவது எல்லாப் பொருள்களுக்கும் தோற்றம் தரும் தொகுப்பின், கையில் இருக்கிறது. ‘கிளாம்’, ‘ஆல்ட்’, ‘டிஃபால்ட்’, ‘கிளாசிக்’ ஆகிய தீம்கள் பட்டனைத் தாங்களே வரைகின்றன. விண்டோஸின் ‘விஸ்டா’ தீமும் மேக்கின் ‘அக்வா’ தீமும் வேலையை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன. இயங்குதளம் வரையும் பட்டனுக்கு நீங்கள் நிறம் சொன்னால் அது காதில் வாங்காது. பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

கைவசம் வைத்திருக்க வேண்டிய மூன்று சோதனைகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றையும் ஓட்டிவிட்டுக் கீழே போங்கள்.

பட்டனின் மீது ‘வின்ஃபோ_கிளாஸ்’ அழையுங்கள். ‘பட்டன்’ என்று வந்தால் பழைய வகை; ‘டிபட்டன்’ என்று வந்தால் டிடிகே.

அடுத்து, ஸ்டைல் பொருளின் (டிடிகே-யில் தோற்றத்தை அமைக்கும் ‘டிடிகே.ஸ்டைல்’) ‘தீம்_யூஸ்’ முறையை அடைப்புக்குள் எதுவும் தராமல் அழையுங்கள். இப்போது எந்தத் தீம் ஓடுகிறது என்று சொல்லும்.

மூன்றாவது சோதனை பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸ்டைல் பொருளில் ‘லுக்அப்’ என்றொரு முறை இருக்கிறது. ஸ்டைலின் பெயரையும் ‘பேக்ரவுண்ட்’ போன்ற பண்பின் பெயரையும் கொடுத்தால், டிடிகே எந்த மதிப்பை எடுத்துக்கொள்ளப் போகிறது என்பதைத் திருப்பித் தரும். நீங்கள் வைத்த நிறமே வருகிறது, ஆனால் திரையில் இல்லை என்றால், உங்கள் அமைப்பு சரி. தீம்தான் அதை மதிக்கவில்லை. வேறு நிறம் வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால், ஸ்டைல் பெயரிலோ வரிசையிலோ எழுத்துப்பிழையிலோ கோளாறு இருக்கிறது. இந்த ஒரு வரியில் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

அறிகுறி: ‘அன்நோன் ஆப்ஷன் -பிஜி’ என்று சொல்லி நிரல் நின்றுவிடுகிறது

டிடிகே பட்டனுக்கு ‘பிஜி’, ‘எஃப்ஜி’, ‘ஃபான்ட்’, ‘ஹைட்’ எதுவும் கிடையாது. இவற்றை நேரடியாகக் கொடுத்தால் இந்தப் பிழை வரும். நிறமும் எழுத்துருவும் ஸ்டைல் வழியாகத்தான் போக வேண்டும்.

‘நான் டிடிகே பயன்படுத்தவே இல்லையே’ என்று நினைத்தால் கோப்பின் மேல் வரிகளைப் பாருங்கள். டிகிண்டரிலிருந்து நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இறக்குமதி செய்துவிட்டு, அதற்கடுத்த வரியில் டிகிண்டர்.டிடிகே-யிலிருந்தும் அதேபோல் இறக்குமதி செய்திருப்பீர்கள். இரண்டிலும் ‘பட்டன்’ என்ற பெயர் இருப்பதால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை மறைத்துவிடும். எழுதியது பழைய பட்டன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உருவாவது டிடிகே பட்டன். நட்சத்திர இறக்குமதியை எடுத்துவிட்டு, டிகிண்டரை ‘டிகே’ என்ற சுருக்கப் பெயரில் இறக்கி, ‘டிகே.பட்டன்’, ‘டிடிகே.பட்டன்’ என்று முழுதாக எழுதுங்கள். சின்ன நிரல்தானே என்று விட்டுவிட வேண்டாம். சின்ன நிரல்கள்தாம் பின்னால் பெரிதாகின்றன.

அறிகுறி: ‘லேஅவுட் நாட் ஃபவுண்ட்’

ஸ்டைலுக்கு வெறுமனே ‘சேவ்’ என்று பெயர் வைத்திருப்பீர்கள். பெயரின் வால் ‘.டிபட்டன்’ என்று முடிந்தால்தான் அது எந்த வகைப் பொருளின் அமைப்பைப் பின்பற்ற வேண்டும் என்று டிடிகே-வுக்குத் தெரியும். ‘சேவ்.டிபட்டன்’ என்று மாற்றுங்கள். ‘பி’ எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினாலும் இதே பிழைதான்.

அறிகுறி: நிறம் கொடுத்தும் பட்டன் மாறவில்லை, அல்லது ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடுவோம்.

விண்டோஸில் இருக்கிறீர்கள், ‘தீம்_யூஸ்’ சோதனை ‘விஸ்டா’ என்கிறது, பட்டனைச் சுற்றி மட்டும் உங்கள் நிறம் சட்டம்போல் தெரிகிறது. லுக்அப் போட்டுப் பார்த்தால் சரியான நிறமே வரும். அதாவது டிடிகே உங்கள் நிறத்தை வாங்கிப் பட்டனுக்குப் பின்னாலுள்ள செவ்வகத்தில் பூசிவிட்டது. அதன் மேல் விண்டோஸ் தன் சாம்பல் பட்டனை வரைந்துவிட்டது. அந்த ஓரக்கோடு, மூடப்படாமல் மிஞ்சிய உங்கள் நிறம். எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், அது மாறும். ஏனென்றால் எழுத்தை வரைவது டிடிகே; பட்டனின் உடலை வரைவதுதான் விண்டோஸ்.

தீர்வு, தீமை ‘கிளாம்’ ஆக்குவது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அது உண்டு; நிறத்தையும் மதிக்கும். ஆனால் தீம் மாறினால் பட்டன் மட்டுமல்ல, சாளரத்தில் உள்ள டிடிகே பொருள்கள் எல்லாமே தோற்றம் மாறும். ஒரே ஒரு பட்டனுக்காக முழுச் சாளரத்தையும் மாற்ற மனமில்லை என்றால், விண்டோஸில் அந்த ஒரு பட்டனை மட்டும் பழைய டிகே பட்டனாக வைத்துக்கொள்ளலாம். மேக்கில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது: பழைய பட்டனும் அங்கே இயங்குதளத்துப் பட்டன்தான், ‘ஹைலைட்பேக்ரவுண்ட்’ கொடுத்தால் சுற்றுப்புறம் மட்டும்தான் நிறம் மாறும். லேபிளை எடுத்து அதில் மௌஸ் கிளிக்கைக் கட்டி, பட்டன்போல் நடிக்க வைக்கச் சொல்லும் ஆலோசனை ஒன்று பரவலாக உலவுகிறது. அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். டேப் விசையால் அங்கே போக முடியாது, ஸ்பேஸ் தட்டினால் அழுந்தாது. மௌஸ் பிடிக்க முடியாத ஒருவருக்கு அந்தப் பட்டன் இல்லவே இல்லை.

அடுத்து, தீம் ‘கிளாம்’தான், ஆனாலும் நிறம் வரவில்லை. வரிசையைப் பாருங்கள். ஸ்டைலில் ‘கான்ஃபிகர்’ செய்வது அப்போது ஓடிக்கொண்டிருக்கும் தீமுக்குள் மட்டுமே பதிவாகும். நிறத்தை முதலில் வைத்துவிட்டு அப்புறம் தீமை மாற்றினால், நிறம் பழைய தீமோடு அங்கேயே தங்கிவிடும். ‘தீம்_யூஸ்’ முதலில், ‘கான்ஃபிகர்’ பின்னால். பயனர் விருப்பப்படி இருண்ட தோற்றம், வெளிர் தோற்றம் என்று தீம் மாற்றும் வசதி வைத்திருந்தால், நிறங்களை எல்லாம் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, தீம் மாறும் ஒவ்வொரு முறையும் அதை அழையுங்கள்.

மூன்றாவது காரணம் எழுத்துப்பிழை. ‘கான்ஃபிகர்’ எந்தப் பெயரைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். ‘பேக்ரவுண்ட்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் பிழை காட்டாது. பழைய பட்டனின் பழக்கத்தில் ‘பிஜி’ என்று சுருக்கி எழுதினாலும் அப்படியே. ஸ்டைலுக்குள் அந்தச் சுருக்கங்கள் செல்லாது. முழுப் பெயர்தான் வேண்டும். லுக்அப்பில் ‘பேக்ரவுண்ட்’ என்று முழுப் பெயரைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் எந்தப் பண்பு எந்தப் பகுதிக்கு நிறம் தருகிறது என்று புரியவில்லை என்றால், ஸ்டைலின் ‘லேஅவுட்’ முறையை அழைத்துப் பாருங்கள். ‘கிளாம்’ தீமில் பட்டன் என்பது விளிம்பு, அதற்குள் ஃபோகஸ் வளையம் (விசைப்பலகை இப்போது எந்தப் பட்டனில் இருக்கிறது என்று காட்டுவது), அதற்குள் உள்வெளி, அதற்குள் எழுத்து என்று அடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கின் பெயரையும் ‘எலிமெண்ட்_ஆப்ஷன்ஸ்’ முறைக்குக் கொடுத்தால், அந்த அடுக்கு எந்தெந்தப் பண்புகளுக்குக் காது கொடுக்கும் என்று பட்டியல் வரும்.

அறிகுறி: நிறம் வந்துவிட்டது, மௌஸ் மேலே போனதும் காணாமல் போகிறது

பச்சைப் பட்டன். மௌஸைக் கொண்டுபோனால் வெளிர் சாம்பல். விலக்கினால் மறுபடி பச்சை. இது பிழையல்ல, ‘கான்ஃபிகர்’ என்பது சாதாரண நிலைக்கான நிறம் மட்டுமே. மௌஸ் மேலிருக்கும் நிலை, அழுத்திய நிலை, முடக்கப்பட்ட நிலை ஆகியவற்றுக்குத் தீம் தனியாக ‘மேப்’ என்ற அட்டவணை வைத்திருக்கிறது. அந்த அட்டவணையில் பொருந்தும் வரி இருந்தால் அதுவே செல்லும்.

ஆகவே உங்கள் ஸ்டைலுக்கும் ஒரு ‘மேப்’ எழுதுங்கள். ‘டிசேபிள்டு’ நிலைக்கு ஒரு நிறம், ‘பிரெஸ்டு’ நிலைக்கு அடர்பச்சை, ‘ஆக்டிவ்’ நிலைக்குச் சற்று வெளிர்பச்சை. இதே வரிசையில்தான் எழுத வேண்டும். அட்டவணை மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். பட்டனை அழுத்தும்போது மௌஸ் அதன் மேல்தானே இருக்கிறது? அப்போது ‘ஆக்டிவ்’, ‘பிரெஸ்டு’ இரண்டு நிலைகளும் சேர்ந்தே உண்மை. ‘ஆக்டிவ்’ வரியை மேலே போட்டுவிட்டால் ‘பிரெஸ்டு’ வரி வரை பேச்சே போகாது. அழுத்தும்போது பட்டனின் நிறம் மாறாது. ‘மேப் எழுதியும் அழுத்தும் நிறம் வரவில்லை’ என்பதற்குக் காரணம் அநேகமாக இந்த வரிசைதான். லுக்அப்புக்கு மூன்றாவதாக நிலைகளின் பட்டியலையும் கொடுக்கலாம். ‘ஆக்டிவ்’, ‘பிரெஸ்டு’ இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், எது வெல்கிறது என்று தெரியும்.

பழைய டிகே பட்டனில் இதே வேலைக்கு ‘ஆக்டிவ்பேக்ரவுண்ட்’, ‘ஆக்டிவ்ஃபோர்கிரவுண்ட்’, ‘டிசேபிள்டுஃபோர்கிரவுண்ட்’ என்று தனித்தனிப் பண்புகள் இருக்கின்றன.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்து படிக்கத் தெரிகிறதா என்பதையும் நான்கு நிலைகளிலும் பாருங்கள். இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டையாவது கேட்கின்றன. டெஸ்க்டாப்புக்கும் அது நல்ல அளவுகோல். மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து உங்கள் திரையில் படிக்க முடிந்தால்கூட, வெயில் படும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முடியாது. ‘கிளாம்’ தீமில் ஃபோகஸ் வந்த பட்டனுக்குள் புள்ளிக்கோடு தெரிவது அழகாக இல்லை என்று அதை நீக்கவும் வேண்டாம். ‘ஃபோகஸ்கலர்’ பண்பில் உங்கள் நிறத்தோடு ஒத்துப்போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒரு நிறத்தைக் கொடுங்கள்.

அறிகுறி: பட்டனில் வைத்த படம் தெரியவில்லை

படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, பிழைச் செய்தியும் இல்லை. படத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கியிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மாறி போய்விடும். படத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேறு யாரும் இல்லாததால் பைத்தான் அதை அழித்துவிடும். பட்டன் படத்தின் பெயரை மட்டும்தான் வைத்திருக்கிறது. கிளாஸுக்குள் என்றால் ‘செல்ஃப்’ மீதும், இல்லையென்றால் பட்டனின் மீதே ஒரு பண்பாகவும் படத்தை ஒட்டி வையுங்கள். ஒரே வரிதான்.

கோப்பையே படிக்க முடியவில்லை என்று பிழை வந்தால் வடிவத்தைப் பாருங்கள். ஜிஃப் எப்போதும் போகும்; பிஎன்ஜி டிகே 8.6 முதல் போகும். ஜேபெக் வேண்டுமென்றால் பில்லோ நூலகம் தேவை. படம் வந்து எழுத்து காணாமல் போனால் ‘காம்பவுண்ட்’ பண்புக்கு ‘லெஃப்ட்’ என்று கொடுங்கள். பழைய பட்டனில் படம் சேர்த்ததும் பட்டன் சுருங்கிப்போனால், ‘விட்த்’ மதிப்பைப் பாருங்கள்: எழுத்து மட்டும் இருக்கும்போது 20 என்பது 20 எழுத்தகலம், படம் வந்ததும் அதே 20 பிக்சலாகிவிடும்.

அறிகுறி: அளவு ஒத்துவரவில்லை, தமிழ் எழுத்து வெட்டுப்படுகிறது

‘சரி’ என்ற சின்னச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு அகலமான பட்டன்? டிடிகே தீம்கள் ‘விட்த்’ பண்புக்கு எதிர்ம எண் வைத்திருக்கின்றன. ‘கிளாம்’, ‘விஸ்டா’ இரண்டிலும் -11. எதிர்ம எண் என்றால் ‘குறைந்தது இவ்வளவு’ என்று பொருள். உங்கள் ஸ்டைலில் ‘விட்த்’ 0 என்று வைத்தால் சொல்லின் அளவுக்குச் சுருங்கும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘விட்த்’ அளக்கப்படுவது அந்த எழுத்துருவின் பூஜ்ய எண்ணின் அகலத்தில். தமிழ் எழுத்துகள் பல அதைவிட அகலமானவை. எனவே ஆங்கிலத்தில் அழகாக அமர்ந்த ‘விட்த்’ 8, தமிழாக்கியதும் சொல்லின் வாலை வெட்டிவிடும். சொல்லின் நீளத்தை ‘லென்’ வைத்துக் கணக்கிட்டுக் கொடுப்பதும் உதவாது. ‘சேமிக்கவும்’ என்பதில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. பைத்தானிடம் கேட்டால் 11 என்னும், ஏனென்றால் அது ஏகாரக் குறி, இகரக் குறி, உகரக் குறி, இரண்டு புள்ளிகள் ஆகிய ஐந்தையும் தனித்தனியாக எண்ணுகிறது. இரண்டு எண்ணுமே அகலத்தைச் சொல்லாது. உண்மையான அகலம் வேண்டுமென்றால் எழுத்துருப் பொருளின் ‘மெஷர்’ முறை பிக்சலில் தரும். அதைவிட எளிது, அகலமே கொடுக்காமல் ஸ்டைலில் ‘பேடிங்’ மட்டும் வைப்பது. பட்டன்கள் ஒரே அகலத்தில் வரிசையாக நிற்க வேண்டுமென்றால் ‘கிரிட்’டில் பக்கவாட்டு நெடுவரிசைகளுக்கு ஒரே ‘யூனிஃபார்ம்’ பெயரும் ‘வெயிட்’ 1-உம் கொடுத்து, ‘ஸ்டிக்கி’யைக் கிழக்கு மேற்காக இழுத்துவிடுங்கள். மொழி மாறினாலும் தளவமைப்பு கலையாது.

உயரத்தைப் பிக்சலில் பூட்ட வேண்டாம். ‘பிளேஸ்’ வைத்து 22 பிக்சல் உயரம் என்று அடைத்தால் ‘மூ’வின் கீழ்ச்சுழியோ மெய்யின் புள்ளியோ அடிபடும்.

லினக்ஸில் மட்டும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, ‘கொ’ போன்ற எழுத்து உடைந்து தெரிகிறது என்றால், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அங்கே டிகே 8.6 எழுத்துகளை இடமாற்றி அடுக்கித் தரும் வேலையைச் செய்வதில்லை. வரும் குறியீடுகளை வந்த வரிசையில் வரைகிறது. எழுத்துகளை அடுக்கித் தரும் ரேக்கம் நூலகத்தின் ஆதரவுள்ள பில்லோவில் சொல்லைப் படமாக வரைந்து பட்டனில் வைக்கலாம். நாலைந்து பட்டன் என்றால் அது போதும். மென்பொருள் முழுக்கத் தமிழில் என்றால் அதே வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் க்யூட்டி என்ற இன்னொரு கருவித்தொகுப்புக்குப் போய்விடுவதே நல்லது.

அறிகுறி: விண்டோஸில் பட்டனும் எழுத்தும் மங்கலாக இருக்கின்றன

திரை 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கும். உங்கள் நிரல் தனக்குத் திரை அடர்த்தி தெரியும் என்று சொல்லாததால், விண்டோஸ் அதைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது. சாளரத்தை உருவாக்கும் வரிக்கு முன்பே, சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து விண்டோஸ் நூலகங்களை அழைக்க உதவும் தொகுதி) மூலம் ‘எஸ்ஹெச்கோர்’ நூலகத்தின் ‘செட்பிராசஸ்டிபிஐஅவேர்னெஸ்’ ஃபங்ஷனை 1 என்ற மதிப்போடு அழையுங்கள். விண்டோஸ் 8.1 முதல் இது உண்டு. எழுத்து கூர்மையாகும். ஆனால் பிக்சலில் கொடுத்த படங்களும் உள்வெளிகளும் சிறிதாகத் தெரியும். அவற்றைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

க்யூட்டி-க்குப் போனவர்களுக்கு

அங்கே நிறம் கொடுப்பது ஸ்டைல்ஷீட்டில். ‘பேக்ரவுண்ட்-கலர்’ மட்டும் எழுதினால் சில இயங்குதளங்களில் நிறம் வராது. ‘பார்டர்’ பண்புக்கும் ஒரு மதிப்புக் கொடுத்தால்தான் க்யூட்டி இயங்குதளத்தின் பட்டனைக் கைவிட்டுத் தானே வரையும். கைவிட்ட பிறகு மௌஸ் மேலிருக்கும் நிலைக்கும் அழுத்திய நிலைக்கும் பழைய அசைவுகள் போய்விடும். ‘ஹோவர்’, ‘பிரெஸ்டு’, ‘டிசேபிள்டு’ மூன்றையும் நீங்களே எழுத வேண்டும்.

ஒரு பட்டனுக்கு வைத்த நிறம் சாளரம் முழுக்கப் பரவிவிட்டதா? ஸ்டைல்ஷீட்டை மூலச் சாளரத்தில், எந்தப் பொருளுக்கு என்று குறிப்பிடாமல் எழுதியிருப்பீர்கள். அது உள்ளிருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும், அங்கிருந்து திறக்கும் செய்திப் பெட்டிகளுக்கும் சேர்த்து. ‘க்யூபுஷ்பட்டன்’ என்று வகையையும், வேண்டுமென்றால் பட்டனின் பொருள் பெயரையும் முன்னால் போடுங்கள். பண்பை நிரல் ஓடும்போது மாற்றியும் நிறம் மாறவில்லை என்றால், ஸ்டைலின் ‘அன்பாலிஷ்’, ‘பாலிஷ்’ இரண்டையும் பட்டனின் மீது அடுத்தடுத்து அழைக்க வேண்டும். ‘பாக்ஸ்-ஷேடோ’ வேலை செய்யவில்லை என்று தேட வேண்டாம். க்யூட்டி ஸ்டைல்ஷீட்டில் அது கிடையாது. நிழலுக்குத் தனியே ‘க்யூகிராஃபிக்ஸ்டிராப்ஷேடோஎஃபெக்ட்’ இருக்கிறது.

உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் இன்னொருவர் கணினியில் வேறு மாதிரியும் தெரிந்தால், செயலி தொடங்கும்போதே ஸ்டைலை ‘ஃப்யூஷன்’ என்று வைத்துவிடுங்கள். க்யூட்டி 6.7 முதல் விண்டோஸ் 11-க்கு என்று தனி ஸ்டைல் வந்துவிட்டதால், விண்டோஸ் 10-இல் பார்த்துப் பார்த்து அமைத்த பட்டன் புதிய கணினியில் வேறு முகத்தோடு நிற்கும். ‘ஃப்யூஷன்’ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரைகிறது.

டபிள்யூபிஎஃப்-இல் மௌஸ் பட்டதும் பட்டன் வெளிர்நீலமாகிறது

டபிள்யூபிஎஃப் என்பது விண்டோஸ் மென்பொருளுக்கான மைக்ரோசாஃப்டின் கருவித்தொகுப்பு. அங்கே இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. பட்டனின் குறியிலேயே ‘பேக்ரவுண்ட்’ எழுதியிருந்தால், ஸ்டைலில் வைத்த டிரிகர் (ஒரு நிலை வந்ததும் பண்பை மாற்றும் விதி) அதை வெல்ல முடியாது. நிறத்தைக் குறியிலிருந்து எடுத்து ஸ்டைலின் செட்டருக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் நீலம் வந்தால், அது விண்டோஸ் 8 முதல் வந்த இயல்புநிலை டெம்ப்ளேட்டின் (பட்டனின் உள்ளமைப்பை வரையறுக்கும் வார்ப்புரு) வேலை. அதன் உள் டிரிகர், பட்டனின் பண்பைத் தொடாமல் உள்ளே இருக்கும் விளிம்புப் பொருளுக்கே நேரடியாக நீலத்தைப் பூசுகிறது. வெளியிலிருந்து அதை அடக்க வழியில்லை. சொந்தமாக ஒரு ‘கண்ட்ரோல்டெம்ப்ளேட்’ எழுதுங்கள்: ஒரு ‘பார்டர்’, அதன் பின்னணி டெம்ப்ளேட் பைண்டிங் வழியாகப் பட்டனின் ‘பேக்ரவுண்ட்’ பண்பிலிருந்து, உள்ளே ஒரு ‘கண்டென்ட்பிரசென்டர்’. அப்புறம் ஸ்டைல் டிரிகரில் கொடுக்கும் நிறம் அப்படியே வரும்.